ஏற்கெனவே சம்மதித்தவள்

செங்கல் சூளைப் புகையில் கமாயின் பேட்டை முழுக்கக் கறுத்துக் கிடக்கும். ஒரே ஒரு கட்டடம் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கும். கெய்ரோவிலிருந்து யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று எப்போதும் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டே இருப்பதால் அதற்கு அடிக்கடி வெள்ளையடிப்பார்கள். பெரிய மனிதர் வருகிறாரோ இல்லையோ, சுண்ணாம்பு வந்துவிடும். வாசலுக்கு மேலே 'குடும்ப நல மனமாற்ற மையம்' என்று எழுதியிருக்கும்.

வஹீபா அந்த வாசலில் ஏறியது ஒரே ஒரு ஊசிக்காக.

அவளைப் பேட்டையில் யாரும் வஹீபா என்று கூப்பிடுவதில்லை. மூத்தவன் ஜாபிர் பிறந்த அன்றைக்கே அவள் உம்மு ஜாபிர், அதாவது ஜாபிரின் அம்மா, ஆகிவிட்டாள். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். கணவன் அப்துத்தவ்வாப் குவைத்தில் கொத்தனார். வருஷத்துக்கு ஒரு தடவை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வருவான், லீவு முடிந்து போகும்போது ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போவான். அந்த வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாலும் பெருநாளிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் போதும்.

நாலாவது பிள்ளை பிறந்தபோது ரத்தம் நிற்கவே இல்லை. மின்யா நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றித்தான் அவளைத் திருப்பிக் கொடுத்தார்கள். "இன்னொரு பிள்ளைக்கு இங்க வந்தே, உன்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்று அங்கிருந்த டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்துத்தவ்வாப் நல்லவன்தான். விஷயத்தைக் கேட்டு ஃபோனிலேயே அழுதான். "எனக்கு நீ வேணும் உம்மு ஜாபிர், என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ" என்றான். ஆனால் இரண்டு மாத லீவு முழுக்க ஒரு மனுஷன் நல்லவனாகவே இருந்துவிட முடியுமா? கைக்குழந்தைக்கு இன்னும் கழுத்தே சரியாக நிற்கவில்லை, அதற்குள் அடுத்த பெருநாள் வந்துகொண்டிருந்தது. கருத்தடை ஊசி போடுவதென்றால் அவன் வருவதற்கு ஒரு வாரமாவது முன்னால் போட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். கடைக்காரர் ஹாஜ் இத்ரீஸிடம் கேட்டால், "புருஷனைக் கூட்டிட்டு வா, தர்றேன்" என்பார். புருஷன் வந்த பிறகு வாங்கி என்ன செய்வது, ஊறுகாயா போடுவது?

மையத்தில் முதலில் எதிர்ப்பட்டவள் ரபாப். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் அவள் உத்தியோகம். வஹீபா தானாக நடந்து வந்ததே அவளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"சொல்லுங்க உம்மு ஜாபிர், என்ன தயக்கம்?"

"தயக்கம் ஒண்ணும் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போடுவாங்களாமே, அது வேணும்."

"பயமா இருக்கா?"

"பிள்ளை பெறத்தான் பயமா இருக்கு."

"வீட்டுல எதிர்ப்பா?"

"இல்லையே."

ரபாபின் முகம் வாடியது. கடைசி நம்பிக்கையாக, "ஊசி போட்டா தாடி முளைக்கும்னு யாராவது சொல்லியிருப்பாங்களே?" என்றாள்.

"முளைச்சா மழிச்சுக்கிறேன். நீ ஊசியப் போடு தாயி."

இப்படி ஒரு பெண்ணை என்ன செய்வது என்று ரபாபுக்குத் தெரியவில்லை. இயக்குநர் முஃபீதின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். முஃபீத் நல்ல மனிதர், ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காதவர். சட்டப்படி நடக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு வியாதி. முழுக்கதையையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உம்மு ஜாபிர், வாசல்ல என்ன எழுதியிருக்கு? மனமாற்ற மையம். எங்க வேலை மனசை மாத்துறது. மாறின மனசுக்குத்தான் ஊசி. நீ வரும்போதே மாறி வந்திருக்கே. நாங்க என்னத்தை மாத்துறது?"

"மாத்த வேணாம் ஐயா. ஊசி மட்டும் போதும்."

"அதெப்படி? ஏற்கெனவே மாறின மனசை நாங்க மறுபடி மாத்தினோம்னு வை, அது பழைய பக்கம் போயிடும். அப்புறம் நீ அஞ்சாவது பெத்தா பொறுப்பு யாரு? நானா?"

வஹீபாவுக்குத் தலை சுற்றியது. பக்கத்து அறையில் டாக்டரம்மா இன்ஸாஃப் காலி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தர்பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய ஊசி மருந்து. சாவி அவள் இடுப்பில். ரபாப் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் போடலாம் என்பது உத்தரவு. தானாகச் சம்மதித்து வந்த ஒருத்திக்குப் பாலைவனத்து ஊர் ஒன்றில் ஊசி போட்டதற்காகத்தான் அவளை இங்கே தூக்கியடித்திருந்தார்கள். வஹீபாவைப் பார்த்து அவள் ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான் முடிந்தது.

பக்கத்து வீட்டு உம்மு கிர்கிஸ் ரொட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் மூன்று பிள்ளைக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவள். மற்ற நாளெல்லாம் வாயில் வந்ததைப் பேசுகிறவள்.

"அடி அசடே! நீ விருந்துக்கே போனதில்லையா? யாராவது ஒரு கிளாஸ் டீ நீட்டினாக்கூட நாம என்ன பண்ணுவோம்?"

"வேண்டாம்னுவோம்."

"அப்புறம்?"

"அவங்க மறுபடி நீட்டுவாங்க. நெஞ்சுல கை வச்சு மறுபடி வேண்டாம்னுவோம். அப்புறம் ஆண்டவன் மேல ஆணை வைப்பாங்க. அப்போ வாங்கிக்குவோம்."

"டீக்கே இவ்வளவு! நீ போன உடனே ஊசியக் குடுன்னு கை நீட்டினா, என்னடா இது, பசியில வந்தவ மாதிரி இருக்காளேன்னு நினைக்க மாட்டாங்க? போ. போய் மரியாதையா மறுத்துட்டு வா. கெஞ்சிக் கூத்தாடிக் குடுப்பாங்க."

ஊரில் பிறந்து வளர்ந்த எவளுக்கும் இது நியாயமாகத்தான் படும். வஹீபா மறுநாள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கு ஊசியும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். அஞ்சாவது பிள்ளை பெறப்போறேன்" என்றாள்.

ரபாப் எழுந்து ஓடினாள். முஃபீதும் ஓடி வந்தார். நாற்காலி வந்தது, புதினா போட்ட டீ வந்தது, குழந்தைக்குக் கிலுகிலுப்பை வந்தது.

"மாஷா அல்லாஹ்!" என்றார் முஃபீத். அவருக்குக் கண் கலங்கியே விட்டது. "இப்படி ஒரு எதிர்ப்பைப் பார்த்து எவ்வளவு காலமாச்சு! ரபாப், இந்தம்மாவைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

அன்றிலிருந்து வஹீபாவின் வாழ்க்கை ராஜ வாழ்க்கைதான். சும்மா சொல்லக் கூடாது, மையத்தார் ஒரு குறையும் வைக்கவில்லை. முதலில் அவளுக்காகவே ஒரு நாடகம் போட்டார்கள். பிள்ளைகள் பெருத்துப்போன ஒரு தகப்பன் கதை. தகப்பன் வேடம் மையத்துக் காவலாளிக்கு, பாவம் அவனுக்கு இன்னும் பெண்ணே கிடைக்கவில்லை. ரொட்டிக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் இரண்டாம் காட்சியிலேயே வஹீபா எழுந்து நின்று, "போதும் ஐயா, என் மனசு மாறிடுச்சு" என்றாள்.

"உட்காரும்மா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து முஃபீத் கத்தினார். "அழுகைக் காட்சியே இன்னும் வரல!"

அடுத்து ஒரு ஷேக்கைக் கூட்டி வந்தார்கள். வெள்ளைத் தாடி, குளிர்ந்த குரல். "பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி விடுறதுல மார்க்கத்துல தடை இல்ல மகளே. உன் உடம்பும் அல்லாஹ் உன்னை நம்பி ஒப்படைச்ச அமானிதம்தான்" என்றார். வஹீபாவுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் போய் உட்கார்ந்தது. நடிப்பை மறந்து, "சரிங்க ஷேக். இப்பவே போட்டுக்கிறேன்" என்றாள். ஷேக்கும் சந்தோஷமாக எழுந்தார். முஃபீத் அவரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

"ஷேக்கு, உங்களை யாரு இவ்வளவு நல்லாப் பேசச் சொன்னது? செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தப் பொண்ணு மாறக் கூடாது!"

பிறகு வஹீபாவிடம் வந்து, பாசமுள்ள பெரியப்பா மாதிரி உட்கார்ந்து சொன்னார்: "கேளும்மா. கெய்ரோவுலருந்து செயலர் பாஷா வர்றார். உன் மனசை அவர் கையாலயே மாத்தப்போறார். டிவிக்காரன் வர்றான். அதுவரைக்கும் நீ கொஞ்சம் பிடிவாதமா இருந்துக்கோ. அரசாங்கமே உன்னைத்தான் நம்பியிருக்கு."

"செவ்வாய்க்கிழமை கண்டிப்பாப் போட்டுடுவீங்களா ஐயா? பெருநாளுக்கு அவர் வந்துடுவாரு."

"கண்டிப்பா."

பெரிய அதிகாரி என்றால் அந்த நாட்டில் பாஷா. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பாஷா வரவில்லை. வெளிநாட்டில் ஏதோ மாநாடு, அடுத்த செவ்வாய் என்றார்கள். வஹீபா பிறை பார்க்கிறவள் மாதிரி வானத்தையே பார்க்க ஆரம்பித்தாள். ரபாப் தினமும் வீட்டுக்கு வந்து, "யாரும் உன்கிட்ட நல்லதா எதுவும் சொல்லிடலையே?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். முஃபீத் ஒரு நாள் கூப்பிட்டு ஒத்திகையே வைத்தார். "மாட்டேன்னு சொல்லும்போது முகத்துல கொஞ்சம் அறியாமை தெரியணும்மா. நீ ரொம்பத் தெளிவா இருக்கே. தெளிவா இருந்தா பாஷா எதைத்தான் விளக்குவார்?"

குவைத்திலிருந்து அப்துத்தவ்வாப் ஃபோன் செய்தான். டிக்கெட் எடுத்துவிட்டானாம், எல்லாருக்கும் உடுப்பு வாங்கிவிட்டானாம். "நீ என்னடி பேசவே மாட்டேங்கிறே? நான் வர்றது பிடிக்கலையா?" என்றான். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. புருஷன் வருகிறான் என்றால் எந்தப் பெண்ணாவது நடுங்குவாளா? அவள் நடுங்கினாள்.

ஒரு வழியாக அந்தச் செவ்வாயும் வந்தது. அதைத் தாண்டினால் ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை. மையத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. வாசலில் வாடகைக்கு எடுத்த பேரீச்ச மரங்கள் தொட்டியோடு நின்றன. பேட்டைப் பெண்களையெல்லாம் பிடித்து வந்து நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் வஹீபா. அவள் மடியில் குழந்தை, பக்கத்தில் உம்மு கிர்கிஸ்.

செயலர் பாஷா வாசனையோடு வந்து மேடை ஏறினார்.

"சகோதரிகளே! பெண்களோட குரலைக் கேட்கணும். மாநாட்டுல நான் ஒரு மணி நேரம் இதைத்தான் பேசினேன். குறுக்கே ஒரு அம்மா எழுந்து ஏதோ கேட்டாங்க. நேரமில்லைன்னு உட்கார வச்சுட்டேன். ஏன்னா விஷயம் அவ்வளவு முக்கியமானது! ஏழைப் பெண்ணுக்கு என்ன வேணும்னு அவளைவிட நமக்குத்தான் நல்லாத் தெரியும். அதனால அவகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

முஃபீத் கை தட்டினார். கூடவே மற்றவர்களும் தட்டினார்கள்.

வஹீபாவை மேடைக்கு அழைத்தார்கள். பேட்டையிலேயே கல்லு மாதிரி மனசுள்ளவள் என்று முஃபீத் அறிமுகம் செய்தார். டிவி விளக்கில் அவள் கண் கூசியது. செயலர் வெள்ளித் தட்டில் இருந்த ஊசிப் பெட்டியை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"உம்மு ஜாபிர், அரசாங்கம் இதை உங்களுக்குத் தருது. எடுத்துக்கிறீங்களா?"

வஹீபாவின் கை தானாகவே நெஞ்சுக்குப் போனது. "வேணாம் பாஷா. அல்லாஹ் உங்களுக்கு மேலும் மேலும் கொடுக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, இரண்டாவது தடவைக்காகக் காத்து நின்றாள்.

செயலர் பெட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பெண்களின் முடிவை மதிப்பது பற்றி மாநாட்டில் அவருக்கு ஏதோ சொல்லியிருந்தார்கள். முகம் மெல்ல மலர்ந்தது.

"பார்த்தீங்களா!" என்று டிவி பக்கம் திரும்பினார். "இதுதான் சுதந்திரம்! ஒரு ஏழைப் பெண் அரசாங்கத்தோட முகத்தைப் பார்த்து வேணாம்னு சொல்றா. அவ முடிவை நான் மதிக்கிறேன். வற்புறுத்த மாட்டேன். எடுத்துட்டுப் போங்கப்பா இதை."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தட்டு உள்ளே போயிற்று. ரபாப் வஹீபாவின் தோளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"என்னடி ஆச்சு?" என்றாள் உம்மு கிர்கிஸ்.

"ஆணை வைக்கல அக்கா. ரெண்டாவது தடவை கேட்கவே இல்ல." என்றாள் வஹீபா.

"மரியாதை தெரியாத மனுஷன்! எந்த ஊர்ல வளர்ந்தான் இவன்?"

மேடையில் செயலர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். குழந்தை பாலுக்குச் சிணுங்கியது. வஹீபா அதன் உச்சந்தலையைப் பார்த்தாள். எலும்பு இன்னும் கூடவில்லை, தோலுக்கு அடியில் துடிப்பது தெரிந்தது. இதுவும் மற்ற மூன்றும் அடுத்த வருஷம் தாயில்லாமல் யார் வீட்டுத் தின்பண்டத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. குழந்தையை உம்மு கிர்கிஸின் மடியில் போட்டாள். விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"பாஷா! நான் மரியாதைக்குத்தான் வேணாம்னேன். நீங்க மறுபடி கேட்கணும். கேட்டுட்டு ஆணை வைக்கணும். எங்க ஊர்ல டீக்கே அப்படித்தான். நீங்க கேட்க மாட்டேன்னுட்டீங்க, அதனால வெட்கத்தை விட்டு நானே கேட்கிறேன். எனக்கு ஊசி வேணும். முதல் நாளே வேணும்னுதான் வந்தேன். ரொம்பச் சீக்கிரம் சம்மதிச்சுட்டேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. போன தடவை செத்துப் பிழைச்சேன் பாஷா. என் புருஷன் வர்றான். அவன் வரும்போது நான் சிரிச்சுக்கிட்டு வாசலுக்குப் போகணும். என் பிள்ளைங்களை நான்தான் வளர்க்கணும். வேற எவளும் வளர்க்கக் கூடாது."

முஃபீத் வியர்த்து விறுவிறுத்து, "பாஷா, இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்றார்.

செயலர் குழம்பிப் போனார். "நான் வற்புறுத்தவே இல்லையே. அப்புறம் இவங்க ஏன் சம்மதிக்கிறாங்க?"

கடைசி வரிசையில் டாக்டரம்மா இன்ஸாஃப் எழுந்தாள். மடியிலிருந்த விதைத் தோலையெல்லாம் உதறினாள். "இன்னொரு பாலைவனத்துக்கு மாத்தட்டும், பரவாயில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "உம்மு ஜாபிர், வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

வஹீபா போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உம்மு கிர்கிஸும் எழுந்தாள். "நில்லுங்க டாக்டரம்மா, நானும் வர்றேன். என் மனசு மாறிப் பல வருஷமாச்சு. கேட்பாரில்லாமக் கிடக்கு." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். நாற்காலிகள் கடகடவென்று நகர்ந்தன. கொஞ்ச நேரத்தில் மண்டபம் காலியாகி, டாக்டரம்மா அறை வாசலிலிருந்து தெருவரைக்கும் பெண்கள் வரிசை நின்றது.

செயலர் பாஷா மனம் தளரவில்லை. எழுதி வந்த பேச்சில் பாதி மிச்சம் இருந்தது. 'ஏழைப் பெண்கள் ஏன் மருத்துவ மையத்தை நாடி வருவதில்லை' என்ற அந்தப் பகுதியை ஏற்ற இறக்கத்தோடு காலி நாற்காலிகளுக்கு வாசித்து முடித்தார். முஃபீதும் காவலாளியும் கை தட்டினார்கள்.

பெருநாளுக்கு அப்துத்தவ்வாப் வந்தான். வஹீபா சிரித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். லீவு முடிந்து அவன் திரும்பிப் போய் ஒன்பது மாதமாகியும் வீட்டில் பழைய நாலு பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

மையத்தில் அதன் பிறகு டாக்டரம்மா கேட்டவளுக்கெல்லாம் ஊசி போட்டாள். முஃபீத் தடுக்கத்தான் பார்த்தார். ஆனால் மனம் மாற்றப்படாதவர்களுக்குப் போட்ட ஊசி மையத்தின் கணக்கில் வராது. கணக்கில் வராத ஒன்றை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால் அடுத்த வருஷம் கெய்ரோவில் கணக்கைப் பார்த்தபோது, கமாயின் பேட்டையில் ஒரு பெண்ணுக்குக் கூட மனம் மாறவில்லை, ஆனால் பிரசவம் பாதியாகக் குறைந்திருந்தது. இது எப்படி நடந்தது என்று விசாரிக்க ஒரு குழு வந்தது. முஃபீத் அவர்களை நேரே வஹீபா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். சின்னது அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அந்த வீட்டில் குட்டி போட்டது ஆடு மட்டும்தான்.

"உம்மு ஜாபிர், அறிக்கையில எழுதணும்" என்றார் முஃபீத். "ஊசியால உனக்குக் கிடைச்ச நன்மை என்ன? ஒரே வரியில சொல்லு."

வஹீபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உயிரோட இருக்கேன் ஐயா."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முஃபீத் சங்கடத்தோடு நெளிந்தார்.

"அது சரிம்மா," என்றார். "அதைவிடக் கொஞ்சம் பெரிசா ஏதாவது சொல்லேன்."

வஹீபா நன்றாக யோசித்துப் பார்த்தாள். அதைவிடப் பெரிதாக அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.